இவர் யார் என்று கேட்டது கணினி

அத்தியாயம் பதினான்கு

பிரேக்கம்மா அன்றைக்கு வகுப்புகளுக்கு லீவு சொல்லியிருந்தாள். இருபது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். முதல் நாள் வருகிற யாரையும் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டாள். "முதல்ல பிரேக் எங்க இருக்குன்னு காட்டு, அப்புறம் வண்டியை எடுக்கலாம்" என்பாள். மாணவர்கள் வைத்த பெயர் அப்படித்தான் வந்தது. கோபம் வந்தால் தம்பியும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

லீவுக்குக் காரணம் அப்பா. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, 'கத்தி என் கண் பக்கம் வரக் கூடாது' என்று ஐந்து வருஷம் அடம் பிடித்தவர், போன மாதம் ஒருவழியாக இறங்கி வந்தார். பத்து நாளைக்கு முன்பு வலக் கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இன்று மூன்று மணிக்கு டாக்டர் பார்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"இந்த அஞ்சு வருஷத்துல நான் பார்க்காம விட்டதையெல்லாம் எனக்குக் காட்டும்மா."

சரிப்பா என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வேலையின் கனம் தெரிந்தது. அவள் போன், கணவர் போன், தம்பியின் போன், தம்பி மனைவியின் உடைந்த பழைய போன், ஒரு கேமரா, அப்பாவின் போன். எல்லாவற்றையும் மடிக்கணினியில் கொட்டியதில் இருபத்து மூவாயிரம் படங்கள். பாதிக்கு மேல் ஒரே படம் மூன்று தடவை. வைக்கோல் போரில் ஊசியைத் தேடினாலாவது ஊசி பளபளக்கும். இவள் தேட வேண்டியதும் வைக்கோலைத்தான்.

படங்களை அடுக்கவும் திருத்தவும் ஏதாவது ஒரு மென்பொருள் வேண்டும் என்று அவள் வாய்திறந்ததுதான் தாமதம், வீட்டில் எல்லோரும் அறிவாளிகள் ஆகிவிட்டார்கள்.

கணவர் கணக்கு வாத்தியார். ஏழு மென்பொருள்களைக் கட்டம் போட்டு ஒப்பிட்டு, மதிப்பெண் கொடுத்து, தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் மாத வாடகைக்கு வாங்குகிற ஒன்றை முதலாவதாகத் தேர்வு செய்து கொடுத்தார். திறந்தால் விமானி அறை மாதிரி இருந்தது. நூறு கோடுகள், நூறு குமிழ்கள். அவள் ஒரு நாள் நல்லெண்ணத்தோடு ஒரு ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். மறுநாள் திறந்தால் ஒவ்வொரு படத்தின் தலையிலும் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. அதற்குச் சொல்லாமல் எதையும் நகர்த்தக் கூடாதாம். மாமியார் மாதிரி ஒரு மென்பொருள் வேண்டாம் என்று சோதனைக் காலத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

வெளியூரில் மேல்படிப்புப் படிக்கும் மகள் போனிலேயே தீர்ப்புச் சொன்னாள். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடு, அதுவே அடுக்கிக்கொள்ளும் என்றாள். ஏற்றிப் பார்த்தாள். இன்னும் பதினொரு நாள் ஆகும் என்றது திரை. அப்பாவுக்குக் கண் தெரிய ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது.

தம்பி சொன்னது இலவசம். அதில் சேமிக்கிற படத்தின் மூலையிலெல்லாம் மென்பொருள் தன் பெயரை முத்திரை குத்தியது. ஒரு படத்தில் அது குட்டியின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. குட்டி என்பது தம்பியின் மகள், மூன்று வயது. அப்பாவுக்கு அவள் முகம் இதுவரை ஒரு வெளிச்சப் புகை மட்டும்தான்.

இவ்வளவும் போன வாரத்துக் கதை. இன்றைய கதை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது.

தம்பி குட்டியைக் கொண்டுவந்து விட்டான். அவன் மனைவிக்குக் காலை வேலை. அவனும் ஒரு லிஃப்ட்டைப் பார்த்துவிட்டு, மதியம் அப்பாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அக்கா குட்டிக்குப் பால் ஆற்றும் நேரத்தில் அவன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பட்டனைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"அக்கா, உன் வேலையில பாதியை முடிச்சுட்டேன்" என்றான், அவள் தம்ளரோடு வந்தபோது.

அவனுடைய இலவச மென்பொருளில் 'ஒரே மாதிரிப் படங்களை நீக்கு' என்று ஒரு பட்டன் இருந்ததாம். அழுத்தினானாம். ஒன்பதாயிரம் படம் போய்விட்டதாம். அவன் முகத்தில் அத்தனை பெருமை.

அவள் தம்ளரை வைத்துவிட்டு நேராகக் குட்டி நடை பழகிய நாளைத் தேடினாள். அன்றைக்குத் தம்பியின் போனை வாங்கி அவளே அடுத்தடுத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தது, கையை விட்டது, ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவதில் விழுந்தது. மென்பொருளின் கண்ணுக்குப் பன்னிரண்டும் ஒன்று. பதினொன்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருந்தது. குட்டி விழுந்து கிடக்கிற படம்.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. குப்பைத் தொட்டியில் இருக்கும் என்று அங்கே தேடினான். அதையும் அந்த மென்பொருள் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. அவன் போனில் இருந்ததையோ இடம் இல்லை என்று போன வாரமே அழித்திருந்தான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஒரு முட்டாள் அக்கா என்றான். அவள் மறுக்கவில்லை.

பிறகு எழுந்து போய் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றை எடுத்து வந்தாள். மென்பொருள் எதையும் தொடுவதற்கு முன்பே, இருபத்து மூவாயிரத்தையும் அதில் ஒரு நகல் எடுத்து, வயரைப் பிடுங்கி ஒளித்து வைத்திருந்தாள்.

"பிரேக் எங்க இருக்குன்னு பார்க்காம நான் எந்த வண்டியையும் எடுக்க மாட்டேன். தெரியும்ல உனக்கு?"

தம்பி சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் எதையும் தொடலை, போய் லிஃப்ட்டைப் பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

நகல் திரும்பி வந்து சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவள் வகுப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இனி வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அவளிடம் கார் பழகும் ஒரு நூலகப் பெண், பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து அடுக்கும் வேலையில் இருப்பவள், வேறொரு மென்பொருளின் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். பெரிய பேர் இல்லாதது. வாடகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. எதை நம்புவது என்று தெரியவில்லை என்று பிரேக்கம்மா புலம்பியபோது அந்தப் பெண் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். எங்களுக்குச் சொல்றதையே நீங்களும் செய்யுங்க டீச்சர், காலி மைதானத்துல ஓட்டிப் பாருங்க என்றாள்.

அப்படியே செய்தாள். ஐம்பது படத்தை மட்டும் தனி ஃபோல்டரில் நகல் எடுத்து, அதைக் காலி மைதானமாக வைத்துக்கொண்டாள். முதலில், செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தாள். ஜன்னலுக்கு எதிரே எடுத்ததால் குட்டியின் முகம் கறுத்துப்போன ஒரு படம். நிழலை வெளிச்சமாக்கும் கோடு ஒன்று இருந்தது. இழுத்தாள். முகம் தெரிந்தது. ஆசை விடவில்லை, நிறத்தையும் இழுத்தாள். குட்டி கேரட் நிறமானாள்.

மடியில் உட்கார்ந்திருந்த குட்டி திரையைப் பார்த்து, "அத்தை, எனக்கு ஜுரமா?" என்றாள்.

'மூலப் படத்துக்குத் திரும்பு' என்று ஒரு பட்டன். அழுத்தினாள். கறுத்த முகம் அப்படியே திரும்பி வந்தது. எத்தனை திருத்தினாலும் மூலப் படத்தை அது தொடவே இல்லை என்று புரிந்ததும், அவள் தோள் தானாக இறங்கியது. பாதி வேலை அங்கேயே முடிந்த மாதிரி இருந்தது.

அப்புறம் மற்றதையெல்லாம் பார்த்தாள். ஃபோல்டரை நகர்த்தினாள். அது கோபித்துக்கொள்ளவில்லை. நாளைக்கே இதை வேண்டாம் என்று விட்டுவிட்டால், எழுதிய பெயரும் தேதியும் படத்தோடு வருமா என்று பார்த்தாள். வந்தது. அவர்கள் வீட்டு மடிக்கணினி, மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சிரைத்தாலும், நின்றுபோகவில்லை. ஒரே மாதிரிப் படங்களை அதுவும் கண்டுபிடித்தது. ஆனால் அழிக்கவில்லை, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டது. அந்த மரியாதை அவளுக்குப் பிடித்துப் போனது.

பள்ளியிலிருந்து மதியம் வந்த கணவர், தன் பட்டியலில் இந்த மென்பொருள் ஆறாவது இடம் என்று ஞாபகப்படுத்தினார். இருக்கட்டும், ஓட்டப் போவது நான்தானே என்றாள். அவர் இரண்டு பேருக்கும் டீ போடப் போனார்.

இருபத்து மூவாயிரத்தையும் அதன் கையில் கொடுத்தாள். முகங்களைப் பிரித்து, கொத்துக் கொத்தாக வைத்து, ஒவ்வொரு கொத்துக்கும் 'இவர் யார்?' என்று கேட்டது. பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி. அவள் எழுதிக்கொண்டே போனாள். குட்டி. தம்பி. மகள். கணவர். ஒரு கொத்தில் அவள் காரின் சீட்டுத் தலையணை நூற்றுப் பதினெட்டுத் தடவை வந்து நின்று, இவர் யார் என்று கேட்டது. தம்பியையும், இளவயதில் எடுத்த அப்பாவின் படத்தையும் ஒரே ஆள் என்று சாதித்தது. கணவர் டீயோடு வந்து பார்த்துவிட்டு, அதற்கு ஐந்து மதிப்பெண் கூட்டிப் போட்டார்.

வாத்தியார்தான் அதைக் கவனித்தார்.

"இது யாரு?"

ஒரு பெண். அறுபது வயது இருக்கும். காதளவு வெட்டிய நரைமுடி, வட்டக் கண்ணாடி, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் வாய். அறுபத்து மூன்று படம். ஒன்றில் பெஞ்சில், ஒன்றில் மரத்தடியில், பல படங்களில் பாதி முகம் வெட்டுப்பட்டு. மூன்று வருஷத் தேதிகள். எல்லாம் அப்பாவின் போனில் எடுத்தவை.

அப்பா காலையில் பூங்காவில் நடக்கப் போவார், அது தெரிந்ததுதான். அவர் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து சாலையைக் கடந்தால் பூங்கா. அவருக்குக் கண் மங்கிய பிறகும் போன் கையைவிட்டுப் போகவில்லை. காக்கை, குளம், சொந்தக் கட்டைவிரல், வருகிறவர் போகிறவர் செருப்பு என்று கோணல்மாணலாக எடுத்துத் தள்ளியிருந்தார். அந்தக் கோணல்களுக்கு நடுவில் இந்தப் பெண் எப்படியோ அறுபத்து மூன்று முறை இருந்தாள்.

அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிரேக்கம்மா டீயை ஆறவிட்டபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் எதையோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

நாலரை மணிக்கு அப்பா வந்தார்.

வழக்கமாகக் கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு வருகிறவர், இன்று நிலையைத் தொடவில்லை. வாசலில் நின்று மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்கு நரைச்சிருக்கே."

"மூணு வருஷமாச்சுப்பா."

"யாரும் சொல்லலையே" என்றார். பிறகு குனிந்து, ஓடிவந்த குட்டியின் தாடையைப் பிடித்து, புதுக் கண் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தாத்தாவின் கண் எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டாள். கொஞ்சம் தூரம் போயிருந்தது, திரும்பி வந்துவிட்டது என்றார். அவர் குரல் உடைந்தது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தம்பி மட்டும் அவசியமே இல்லாமல் மின்விசிறியைப் போட்டான்.

மடிக்கணினியை டிவியோடு இணைத்து, ஐந்து வருஷத்தையும் வரிசையாக ஓட்டினாள். பெரிய பேத்தி பட்டம் வாங்கியது. குட்டி பிறந்த அன்று, கசங்கிய காகிதம் மாதிரி. தம்பி தாடி வளர்த்து, பயந்துபோய் எடுத்துவிட்ட பதினைந்து நாள். பன்னிரண்டு படத்தில் குட்டி எழுந்து, கையை விட்டு, மூன்றாவது அடியில் விழுந்தாள். அதை மட்டும் நாலு தடவை ஓட்டச் சொன்னார். தம்பி அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

தன் கட்டைவிரல்கள் வந்தபோது அப்பாவே சிரித்துவிட்டார். கண்ணே தெரியாதப்போ எதுக்குப்பா இவ்வளவு எடுத்தீங்க என்று தம்பி கேட்டான்.

"இப்பத் தெரியலைன்னா என்ன, படம் எங்கே போகப் போகுது? என்னிக்காவது பார்த்துக்கலாம்னுதான்."

அதற்கு மேல் காத்திருக்க அவளால் முடியவில்லை. முகங்கள் பக்கத்தைத் திறந்தாள். நரைமுடிப் பெண் திரை முழுக்க வந்தாள். பக்கத்தில் அதே கேள்வி, அதே காலிப் பெட்டி.

"இவங்க யாருப்பா?"

அப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். அடுத்த படம். அதற்கடுத்தது. தலையை ஆட்டினார்.

"தெரியலையேம்மா. யாரு?"

மறைக்கிறாரோ என்று அவள் அவர் முகத்தைத் தேடினாள். அப்பாவுக்குப் பொய் வராது. வந்தால் காது சிவந்துவிடும். காது சும்மாதான் இருந்தது. உங்க போன்லதான் இருந்தது, அறுபத்து மூணு படம் என்றாள். அவருக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது. பூங்காவுக்கு யாராவது வந்திருப்பார்கள், நான் பாட்டுக்கு எடுத்திருப்பேன் என்றார்.

அந்தக் கொத்தின் கடைசியில் ஒரு வீடியோ இருந்தது, பதினாறு விநாடி. அவளும் அதை அதுவரை ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. அழுத்தினாள்.

முதலில் செருப்பு. பிறகு புல். பிறகு வானம் சுற்றி, நரைமுடிப் பெண்ணின் முகம் மிக அருகில் வந்தது. கையில் செய்தித்தாள்.

"சார், நீங்க வீடியோ எடுத்துக்கிட்டிருக்கீங்க. போட்டோ பட்டன் அந்தப் பக்கம்" என்றது குரல். சிரித்தது. "சரி, விடுங்க. நாலாம் பக்கம் பாக்கி இருக்கு. கேளுங்க."

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். அவர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். செருப்பு, புல், வானம், முகம், குரல். அவர் உதடு அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தது.

"இவங்களா?" என்றார் மெதுவாக. "நான் உயரமா இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வருஷமாக, தினமும் காலையில், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறவர். முன்பு வானொலி நிலையத்தில் வேலை பார்த்தாராம். முதல் நாள், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் சார் என்று சொன்னாராம். அப்படித்தான் பழக்கம். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி ஒரு வருஷம் நச்சரித்ததும் அவர்தானாம்.

பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு மேஜையில் 'இன்னிக்குப் பேப்பர்ல இப்படிப் போட்டிருந்தான்' என்று அப்பா சொல்வதை மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள். கண் தெரியாத மனுஷர் எப்படிப் பேப்பர் படிக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். ஆனால் அப்பாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

"இங்க என்ன பேர் எழுதட்டும்பா?" என்றாள், பெட்டியைக் காட்டி.

"இரு" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தார். டாக்டர் சொல்லி அவர் பூங்காவுக்குப் போகாமல் பத்து நாள் ஆகியிருந்தது. மணி இரண்டு தடவை அடித்தது. குட்டி வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றது அதே குரல், போனைத் தாண்டிக் கேட்கும்படி. "கண்ணு எப்படி இருக்கு?"

அப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாத் தெரியுது. இப்ப உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கத்துக் குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது. இம்முறை அது அப்பாவின் காதுக்கு மட்டும் கேட்டது. அவர் காது சிவந்தது. சுற்றி நின்ற நாலு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசி அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அப்பா போனை ஒரு காதில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.